ரப்பருக்கு ஒரு வாசல், தெங்குக்கு ஒரு வாசல்

போன மழைக்கு முன்னால் குமரி மாவட்டம் திருவட்டாறு பக்கம் ஒரு விளைக்கு, அதாவது தோட்டத்துக்குப் போயிருந்தேன். ஒரு ஏக்கர்கூட வராது. மேட்டில் ரப்பர், ஓரத்தில் தெங்கு, தெங்கில் படர்ந்த நல்லமிளகு, ஆற்றை ஒட்டிய தாழ்வில் ஏத்தன் வாழை, தொழுவத்தில் ஒரு பசு. விளைக்காரர் கேட்டார்: “சாரே, இதெல்லாம் டெல்லி வேளாண் அமைச்சகம் பாக்கதுதானே?”

தோட்டக்கலைக் களப்பணியில் நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். எல்லாம் இல்லை. இவற்றுக்கான வாரியங்களில் தென்னை வளர்ச்சி வாரியம் மட்டும் வேளாண் அமைச்சகத்தின் கீழ் வருகிறது. ரப்பர் வாரியம் வர்த்தக அமைச்சகத்தைச் சேர்ந்தது. மிளகை ஏற்றுமதி செய்ய நினைத்தால் போக வேண்டிய நறுமணப் பொருள் வாரியமும் அங்கேதான். பசுவுக்கு 2019 முதல் தனி அமைச்சகம். வாழைக்குப் போடும் யூரியா, உரத்துறையின் பொறுப்பு. போதாக்குறைக்கு, அரசியலமைப்புப்படி வேளாண்மை மாநிலப் பட்டியலில் இருக்கிறது. டெல்லி பணமும் விதிமுறையும் தரும். வயலுக்கு வந்து நடத்துவது மாநிலத் துறை. விவசாயிகளுக்கு உதவித்தொகை தரும் பிஎம் கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய் முழுவதும் மத்திய அரசின் பணம். ஆனால் நிலம் யார் பெயரில் என்று சரிபார்ப்பது இங்கேதான். பட்டா இன்னும் அப்பா பெயரிலேயே இருக்கிறது என்று வந்து நின்றவர்கள் எத்தனையோ பேர்.

பயிர்க் காப்பீட்டிலும் அப்படித்தான். 2016இல் வந்த திட்டத்தை வகுத்தது வேளாண் அமைச்சகம். எந்த ஊரில் எந்தப் பயிர், கடைசித் தேதி எது என்று அறிவிப்பது மாநில அரசு. இழப்பீடு தருவது காப்பீட்டு நிறுவனம். வாழைக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் அதிகபட்சம் 5 சதவீதம்.

அந்த விளைக்காரரும் கட்டியிருந்தார். அப்புறம் ஆறு பெருகி ஏத்தன் தோட்டத்தில் தண்ணீர் ஏறி நின்றது. அவர் என்னிடம் வந்தது ஒன்பதாம் நாள். போய்ப் பார்த்தால், அழுகிய மூடுகளை வெட்டி வரப்பில் அடுக்கிவிட்டார்; குழிகளில் சேறு காய்ந்து வெடித்திருந்தது. வெள்ளம் தேங்கி ஒரு தோட்டம் மட்டும் பாதிக்கப்பட்டால் 72 மணி நேரத்துக்குள் தகவல் சொல்லியாக வேண்டும். செல்பேசியில் படம்கூட எடுத்து வைக்கவில்லை. “முதல்ல தண்ணிய வடிய விடணும்னுல்லா நெனச்சேன் சாரே” என்றார். அவர் செய்தது நல்ல விவசாயி செய்கிற வேலை. அந்த மூன்று நாள் கணக்கை முன்பே அவர் காதில் போடாதது என் போன்றவர்களின் தவறு. தண்ணீர் நிற்கும்போதே படம் எடுங்கள், பயிர்க் காப்பீட்டு உதவி எண் 14447க்கு அழையுங்கள். வெட்டுவது அப்புறம்.

டெல்லியால் என்ன முடியும் என்பதற்கு நம்மவரே சாட்சி. சி. சுப்பிரமணியம் மத்திய உணவு, வேளாண் அமைச்சராக இருந்த 1965இல்தான் இந்திய உணவுக் கழகமும் வேளாண் விலைக் குழுவும் பிறந்தன. இன்று கொப்பரைக்குக் குறைந்தபட்ச ஆதார விலையைப் பரிந்துரைப்பது அந்தக் குழுவின் வழிவந்த ஆணையம்தான். விதை, விலை, கொள்முதல் மூன்றையும் சேர்த்து யோசித்த தலைமை அது.

2015இல் அமைச்சகத்தின் பெயரோடு ‘விவசாயிகள் நலன்’ சேர்ந்தது. அப்படியானால் ரப்பர் வாரியத்தையும் கால்நடைத் துறையையும் கூட்டி, மாவட்டத்துக்கு ஒரே மேசை போடும் முன்கையை அந்த அமைச்சகம்தான் எடுக்க வேண்டும். குமரியில் ஒற்றைப் பயிர் விளையைத் தேடித்தான் பார்க்க வேண்டும். ரப்பருக்கு ஒரு நாள், தெங்குக்கு ஒரு நாள், பசுவுக்கு ஒரு நாள் என்று கூலியை விட்டு அலைய எங்கள் விளைக்காரர்களால் முடியாது.