கைதட்டல் எங்க விழணும்னு பேசுறவருக்கு முன்னாடியே தெரியும்

மேடைப் பேச்சுப் பயிற்சி குடுக்குறது என் தொழில். அரசியல்ல இருக்குறவங்களும் வருவாங்க. வந்ததும் பெரும்பாலும் கேக்குறது, "குரல் கம்பீரமா வரணும், அதுக்கு வழி சொல்லுங்க". குரல் முக்கியம் இல்லைன்னு சொல்ல மாட்டேன், பிரிட்டன் பிரதமரா இருந்த மார்கரெட் தாட்சரே குரலை இறக்கிப் பேச தனியா பயிற்சி எடுத்துக்கிட்டவங்கதான். ஆனா கூட்டத்தைக் கட்டிப்போடுறது குரலை விட, பேசுறவர் எங்க நிறுத்துறார்ங்கிறதுதான்.

1980கள்ல பிரிட்டன்ல கட்சி மாநாட்டுப் பேச்சுகளை ரெக்கார்ட் பண்ணி, கைதட்டல் எப்போ ஆரம்பிக்குதுன்னு நுணுக்கமா பார்த்தாங்க. கருத்து நல்லா இருந்தா தட்டுவாங்கன்னுதான நாம நினைப்போம், ஆனா தட்டல் திரும்பத் திரும்ப விழுந்தது ரெண்டு மாதிரி வாக்கியங்கள்ல, ஒண்ணு மூணு விஷயத்தை வரிசையா அடுக்குறது, இன்னொண்ணு "அவங்க இப்படி, நாம இப்படி"ன்னு எதிரெதிரா நிறுத்துறது. காரணம் சிம்பிள். தனியா தட்டி அசிங்கப்பட யாருக்கும் விருப்பம் இல்ல, எல்லாரும் ஒரே நேரத்துல தட்ட ஒரு சிக்னல் வேணும். மூணாவது சொல் வர்றப்போ குரல் இறங்குது, வாக்கியம் முடியப்போகுதுன்னு காதுக்கு முன்கூட்டியே தெரிஞ்சிடுது, கை தானா தயாராயிடுது. அப்புறம் அந்த ஒரு நொடி மௌனம். பயிற்சியில எல்லாருக்கும் கஷ்டமா இருக்குறது இதுதான், சும்மா நிக்க பயமா இருக்கும், உடனே "அதாவது..."ன்னு இழுத்து மொத்தத்தையும் கெடுத்துடுவாங்க.

மனசுல இருந்து அப்படியே கொட்டுறாருப்பான்னு நாம உருகுற இடங்களும் பாதி நேரம் பழகின இடங்கள்தான். அமெரிக்காவுல கறுப்பின மக்களோட உரிமைக்காகப் போராடின மார்ட்டின் லூதர் கிங் 1963 ஆகஸ்ட் 28ஆம் தேதி வாஷிங்டன்ல எழுதி வச்ச உரையை விட்டு விலகி "எனக்கொரு கனவு"ன்னு போனார், உண்மைதான், ஆனா அந்தக் கனவை அதே வருஷம் ஜூன்ல டெட்ராய்ட்லயே பேசியிருக்கார். இதை ஏமாத்துன்னு நான் சொல்லல. பல தடவை பேசிப் பேசி உடம்புல ஊறினதாலதான் பேப்பர் இல்லாம அவ்வளவு சரளமா வந்துச்சு.

இதுக்கு நேர் எதிரா எனக்கு ரொம்பப் பிடிச்சது 1933 மார்ச் 12 ராத்திரி அமெரிக்க அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் ரேடியோல பேசினது. நாடு முழுக்க பேங்க் எல்லாம் மூடிக் கிடக்கு, ஜனங்க பதட்டத்துல இருக்காங்க. மனுஷன் கத்தல, யாரையும் எதிரி ஆக்கல, நீங்க போடுற பணத்தை பேங்க் அப்படியே பெட்டில பூட்டி வைக்கிறதில்ல, கடனா குடுத்து சுழற்சில விடுதுன்னு பக்கத்துல உக்காந்து சொல்ற மாதிரி விளக்கினார். மறுநாள்ல இருந்து பேங்க் படிப்படியா திறந்தப்போ பணத்தைத் திரும்பக் கொண்டுவந்து போட்டாங்க. அந்தப் பேச்சுல கைதட்டுற இடம்னு தேடினாலும் பெருசா கிடைக்காது.

உஷாரா இருக்க வேண்டிய இடம் திரும்பத் திரும்பச் சொல்றது. ஒரு தகவலைப் பல தடவை கேட்டா, அது சரியோ தப்போ, உண்மை மாதிரி தோண ஆரம்பிச்சிடும்னு 1977லயே ஆய்வுல காட்டிட்டாங்க. பேசுறவங்களுக்கு ஆய்வெல்லாம் தெரிய வேண்டியதில்ல, அனுபவத்துலயே தெரியும். அதனால நான் சொல்றது, ஒரு பேச்சு உங்களை ரொம்ப உலுக்கினா அதை எழுத்துல எடுத்துப் படிங்க. குரல் இல்லாம, கூட்டத்தோட சத்தம் இல்லாம. யார் செய்வாங்க, எப்போ, பணம் எங்க இருந்து வரும், இதுக்கெல்லாம் பதில் சொல்ற வாக்கியம் அதுல இருக்கான்னு தேடுங்க. "நாம"ன்னு சொல்றப்போ அதுல யாரைச் சேர்க்கல, அதையும் பாருங்க.

முழுப் பேச்சைத் தேடிப் படிங்க, போன்ல வர்ற துண்டு வீடியோ இதுக்கு ஆகாது. அதை வெட்டுறவங்க தட்டல் விழுற இடத்தைத்தான் வெட்டி எடுப்பாங்க, விளக்கம் இருந்தாலும் அது தட்டலுக்கு முன்னாடி வந்திருக்கும், வெட்டுல போயிடும்.