இறக்கத்தில் திரும்பி வரும் மின்சாரம்

சேலத்தில் பல ஆண்டுகள் ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்று, இப்போது ஏற்காட்டில் ஒரு முதியோர் குடியிருப்பில் வசிக்கும் வாசகி ஒருவர் எனக்கு எழுதியிருந்தார். அங்கே வீடுகள் காப்பித் தோட்டத்துச் சரிவில் மேலும் கீழுமாக அமைந்திருக்கின்றன. முழங்கால் வலியுள்ளவர்கள் உணவுக்கூடத்துக்கும் வாயிலுக்கும் போய்வர, பழைய பெட்ரோல் கோல்ஃப் வண்டி ஒன்றும் பேட்டரி கார் ஒன்றும் ஓடுகின்றன. இன்னும் இரண்டு வண்டிகள் வாங்க வேண்டியிருப்பதால், எந்த வகையை வாங்குவது என்று குடியிருப்போர் சங்கத்தில் விவாதம் நடக்கிறதாம். அவர் கேட்டிருந்தது இதுதான்: "இங்குள்ள லேடீஸ் சீட் காட்சிமுனையில் நின்றால், வானம் தெளிந்த நாளில் மேட்டூர் அணை தெரிகிறது. எங்கள் பேட்டரிக்கு வரும் மின்சாரம் அந்தப் பக்கத்தில் நிலக்கரியை எரித்துத்தானே வருகிறது? நாங்கள் புகையைக் குறைக்கிறோமா, அல்லது இங்கிருந்து அங்கே மாற்றி வைக்கிறோமா?"

கேள்வியில் நியாயம் இருக்கிறது. மேட்டூர் அனல்மின் நிலையத்தின் நிறுவுதிறன் 1,440 மெகாவாட். அது எரிப்பது நிலக்கரிதான். ஆனால் ஏற்காட்டு மின்கம்பியில் வருவது மேட்டூர் நிலக்கரியின் மின்சாரம் மட்டுமன்று. அணையின் நீர்மின்சாரம், ஆனி ஆடிக் காற்றில் முப்பந்தல் காற்றாலைகள் தரும் மின்சாரம், பகலில் சூரியப் பலகைகளின் மின்சாரம் எல்லாம் ஒரே தொகுப்பில் கலந்துதான் வருகின்றன. இந்தியத் தொகுப்பின் சராசரியாக, ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ வெளியாகிறது. சிறிய பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடுவதாகவும், பேட்டரி கார் ஒரு யூனிட்டுக்கு 10 கிலோமீட்டர் ஓடுவதாகவும் வைத்துக்கொள்வோம். கிலோமீட்டருக்கு முன்னது 150 கிராம், பின்னது கம்பியில் வீணாவதையும் சேர்த்து 80 கிராம் அளவில் கரியமில வாயுவை வெளியிடும். மின்சாரம் முழுவதும் நிலக்கரியிலிருந்தே வந்தாலும் பேட்டரி காரின் கணக்கு பெட்ரோலைத் தாண்டாது.

இதன் காரணம் எஞ்சினின் வேலைமுறையில் இருக்கிறது. அனல்மின் நிலையம் நிலக்கரியின் ஆற்றலில் சுமார் மூன்றில் ஒரு பங்கை மின்சாரமாக மாற்றுகிறது. கோல்ஃப் வண்டியின் சிறு எஞ்சினோ, தன் முழுத்திறனில் சிறு பகுதியை மட்டும் பயன்படுத்தி, காற்று நுழையும் வழியை அடக்கும் திராட்டில் என்ற மூடி பாதி மூடியிருக்க, அதன் வழியே காற்றை இழுக்கப் போராடிக்கொண்டே மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்கிறது. மேலும் இத்தகைய வண்டிகள் பலவற்றில் மிதியிலிருந்து காலை எடுத்தால் எஞ்சின் நின்றுவிடும். மீண்டும் மிதித்தால்தான் கிளம்பும். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று கிளம்பும் வண்டிக்கு ஒவ்வொரு கிளம்பலிலும் அரைகுறையாக எரிந்த பெட்ரோல் புகையாகிறது. அதில் கார்பன் மோனாக்சைடும் இருக்கிறது. ஏற்காட்டில் மார்கழி, தை மாதக் காலைகளில் கனமான குளிர்காற்று ஏரிப் பள்ளத்தில் இறங்கித் தங்கிவிடும். அதன்மேல் வெதுவெதுப்பான காற்று மூடிபோல் படிந்திருப்பதால், வெயில் ஏறும்வரை கீழே விட்ட புகை கீழேயே நிற்கும். மேட்டூரின் உயரமான புகைபோக்கி விடும் புகையும் தீங்குதான். ஆனால் எழுபத்தைந்து வயதானவரின் மூக்குக்கு இரண்டடி தூரத்தில் வெளியேறும் புகையையும் அதையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கக் கூடாது. கலிஃபோர்னியா மாநிலம் புல்வெட்டும் எந்திரம் போன்றவற்றின் சிறு எஞ்சின்களுக்கு 2024 மாடல் முதல் புகையே கூடாது என்று விதித்தது இத்தகைய சிறு எஞ்சின்கள் காற்றைக் கெடுப்பதை எண்ணித்தான்.

கோல்ஃப் வண்டிகளையும் முதியோர் குடியிருப்புகளையும் சேர்த்துப் பேசுபவர்கள் பெரும்பாலும் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் உள்ள தி வில்லேஜஸ் என்ற ஓய்வுபெற்றோர் நகரத்தைத்தான் எடுத்துக்காட்டுவார்கள். இந்த வண்டிகளுக்கென்றே அங்கே ஏறத்தாழ 160 கிலோமீட்டர் பாதை இருக்கிறது. ஆனால் ஃபுளோரிடா தட்டையான நிலம். அந்த ஊரின் கணக்கை அப்படியே எடுத்து ஏற்காட்டுக்குப் பொருத்தினால், மலை தரும் ஒரு பெரிய நன்மை கணக்கில் விடுபட்டுப்போகும். இந்தக் கட்டுரையை நான் எழுத விரும்பியதே அந்த நன்மைக்காகத்தான்.

கடந்த தை மாதம் அந்தக் குடியிருப்புக்கே போய் பேட்டரி காரில் அமர்ந்து பார்த்தேன். உணவுக்கூடத்திலிருந்து வாயிலுக்கு இறங்கும் பாதையில், ஓட்டுநர் இளைஞர் மிதியிலிருந்து காலை எடுத்தார். வண்டி வேகமெடுக்கவில்லை, யாரோ பின்னாலிருந்து மெல்லப் பிடித்து இழுப்பதுபோல் நிதானமாக இறங்கியது. "கால எடுத்தாலே தானா புடிச்சுக்குதுங்க சார், பிரேக்கே மிதிக்கறதில்ல" என்றார். முன்பலகையில் இருந்த மின்னோட்டமானியின் முள், அதுவரை வலப்பக்கம் நின்றது, நடுக்கோட்டைக் கடந்து இடப்பக்கம் சாய்ந்தது. பேட்டரியிலிருந்து மோட்டாருக்குப் போய்க்கொண்டிருந்த மின்சாரம், மோட்டாரிலிருந்து பேட்டரிக்குத் திரும்பிக்கொண்டிருந்தது.

இது எப்படி நடக்கிறது? காந்தப்புலத்தில் ஒரு கம்பிச்சுருளைச் சுழற்றினால் அதில் மின்னழுத்தம் பிறக்கும் என்பது ஃபாரடே 1831-இல் கண்ட உண்மை, பள்ளியில் படித்திருக்கிறோம். மோட்டாருக்குள்ளும் காந்தப்புலத்தில் கம்பிச்சுருள்தான் சுழல்கிறது. அதைச் சுழற்றியது பேட்டரியா, வேறு ஏதாவதா என்பதைக் கம்பிச்சுருள் அறியாது. எனவே ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு மோட்டாரும் அந்த நேரத்திலேயே ஒரு டைனமோவாகவும் இருந்து, பேட்டரிக்கு எதிர்த்திசையில் ஒரு மின்னழுத்தத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. இதை எதிர் மின்னியக்கு விசை என்பார்கள். வேகம் கூடக் கூட அது கூடும்.

எண்களை வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். பேட்டரி 48 வோல்ட். மோட்டார்ச் சுருளின் மின்தடை 0.04 ஓம் என்று கொள்வோம். மேட்டில் மெதுவாக ஏறும்போது எதிர் மின்னியக்கு விசை 44 வோல்ட் என்றால், மீதமுள்ள 4 வோல்ட்தான் மின்னோட்டத்தைத் தள்ளுகிறது. 100 ஆம்பியர் பாய்கிறது. சமதளத்தில் வேகம் கூடி அந்த விசை 47 வோல்ட் ஆனால் 25 ஆம்பியர் போதும். இப்போது வண்டி இறக்கத்துக்கு வருகிறது. புவியீர்ப்பு சக்கரத்தை உருட்ட, சக்கரம் மோட்டாரைச் சுழற்ற, எதிர் மின்னியக்கு விசை 50 வோல்ட்டைத் தொடுகிறது. 48-இலிருந்து 50-ஐக் கழித்தால் விடை எதிர்மறை எண். அந்தக் கழித்தல் குறிக்குப் பொருள், 50 ஆம்பியர் மின்னோட்டம் பேட்டரிக்குள் பாய்கிறது என்பதே. யாரும் எந்தப் பொத்தானையும் அழுத்தவில்லை, எந்தப் பல்சக்கரமும் மாறவில்லை. கழித்தல் கணக்கில் எது பெரியது என்பது மட்டுமே மாறியது. அதே நொடியில், தன்னை உண்டாக்கிய இயக்கத்தை எதிர்க்கும் விசையாக அந்த மின்னோட்டம் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தப் பார்க்கிறது. இது 1834-இல் லென்ஸ் வகுத்த விதி. என் முதுகு உணர்ந்த மெல்லிய இழுப்பும் அதுதான். இந்த இடத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுத்ததில்லை.

இதே உண்மையின் மறுபக்கம் 1873-இல் வியன்னா பொருட்காட்சியில் வெளிப்பட்டது. கிராம் என்பவரின் டைனமோ ஒன்றின் கம்பிகளை, ஓடிக்கொண்டிருந்த இன்னொரு டைனமோவுடன் இணைத்தபோது, யாரும் சுழற்றாமலேயே அது சுழலத் தொடங்கியது. மின்சாரம் தரும் எந்திரமும் மின்சாரத்தால் ஓடும் எந்திரமும் ஒன்றே என்பதை மக்கள் கண்முன்னே கண்டார்கள்.

வண்டி மெதுவாக இறங்கினால் எதிர் மின்னியக்கு விசை 48 வோல்ட்டை எட்டாதே, அப்போது மின்சாரம் எப்படித் திரும்பும் என்று நுணுக்கமாகப் படிப்பவர் கேட்பார். அதற்குத்தான் இருக்கைக்கடியில் கட்டுப்பாட்டுப் பெட்டி இருக்கிறது. அது மோட்டார்ச் சுருளின் இரு முனைகளையும் நொடிக்குப் பல்லாயிரம் முறை இணைத்து இணைத்துப் பிரிக்கிறது. இணைக்கும்போது சுருளில் மின்னோட்டம் வளர்கிறது. பிரிக்கும்போது, ஓடிய மின்னோட்டம் சட்டென்று நிற்க மறுத்து, மின்னழுத்தத்தை உயர்த்திக்கொண்டு பேட்டரிக்குள் புகுகிறது. மாடித் தொட்டியிலிருந்து வேகமாக வரும் தண்ணீரைக் குழாயைத் திருகிச் சட்டென்று நிறுத்தினால், குழாய் முழுவதும் 'டம்' என்று அதிர்கிறதே, அந்த அழுத்தத்துக்கு நிகரானது இது.

பழைய பேட்டரி வண்டிகள் சிலவற்றில் காந்தச் சுருளும் சுழலும் சுருளும் தொடராக இணைந்த மோட்டார் இருக்கும். அவற்றுக்கு இந்தப் பண்பு இல்லை. இறக்கத்தில் சும்மா உருண்டு வேகமெடுக்கும். ஆகவே மலையில் வண்டி வாங்குகிறவர்கள் பேட்டரியின் அளவைக் கேட்பதற்கு முன், இறக்கத்தில் மின்சாரம் திரும்புமா என்று கேட்க வேண்டும்.

எவ்வளவு திரும்பும்? ஆட்களுடன் 800 கிலோ எடையுள்ள வண்டி, அரைக் கிலோமீட்டர் பாதையில் 40 மீட்டர் உயரம் ஏறுகிறது என்போம். உராய்வு, மோட்டார், பேட்டரி ஆகியவற்றின் இழப்புகளைக் கழித்தால், ஏறும்போது செலவானதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இறங்கும்போது மீளும் என்று என் கணக்கு காட்டுகிறது. பெட்ரோல் வண்டியில் அது சூடாகி வீணாகிறது. சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் உயர வேறுபாடு ஏறத்தாழ 1,200 மீட்டர். அதே எடையுள்ள வண்டி இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து இறங்கும்போது கைவிடும் ஆற்றல் 2.6 யூனிட். அடிவாரத்தில் கார்களின் சக்கரங்களருகே எழும் கருகல் வாடை அந்த யூனிட்டுகளின் வாடைதான். பெட்ரோல் மிச்சமாகும் என்று நம்பி நியூட்ரலில் போட்டு மலையிறங்குகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். எஞ்சினின் பிடிப்பை இழந்து முழுப் பாரத்தையும் பிரேக்கின்மேல் ஏற்றும் அந்தப் பழக்கம் உயிருக்கே ஆபத்து என்று வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் சொல்லிவருகிறேன்.

ஏற்காட்டுக் குடியிருப்பில் நான் கண்ட பிழையும் இதோடு தொடர்புடையது. சார்ஜ் போடும் கொட்டகையை உணவுக்கூடத்தின் அருகே, வளாகத்தின் உச்சியில் வைத்திருந்தார்கள். இரவு முழுவதும் சார்ஜ் ஏறி நிரம்பிய பேட்டரியுடன் காலையில் வண்டி இறங்கத் தொடங்குகிறது. நிரம்பிய குடத்தில் தண்ணீர் ஊற்றினால் வழிவதுபோல், திரும்பி வரும் மின்சாரத்துக்கு அங்கே இடமில்லை. ஈய அமில பேட்டரியாக இருந்தால் அந்த மின்சாரம் உள்ளே இருக்கும் நீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரித்துக் குமிழியாக்கும். அல்லது கட்டுப்பாட்டுப் பெட்டி மின்சாரத்தை மறுத்துவிட, வண்டியின் இயல்பான பிடிப்பு குறைந்து, நாள்தோறும் பழகிய ஓட்டுநரே திகைத்துப்போவார். கொட்டகை கீழே வாயிலருகே இருந்தால், நிரம்பிய பேட்டரி முதலில் மேட்டில் ஏறிக் கொஞ்சம் காலியாகும். பிறகு இறக்கம் தருவதை வாங்கிக்கொள்ள அதில் இடமிருக்கும். பகலில் இரண்டு மணி நேரம் வண்டிகள் ஓய்வில் நிற்பதால், அந்த நேரத்தில் கூரைமேல் சூரியப் பலகையிலிருந்து சார்ஜ் ஏற்றிக்கொண்டால் ஆசிரியையின் மேட்டூர்க் கவலையும் பெருமளவு தீரும்.

இனி பேட்டரியின் கெட்ட பக்கம். இருக்கையைத் தூக்கிக் காட்டச் சொன்னேன். எட்டு வோல்ட் பேட்டரிகள் ஆறு வரிசையாக இருந்தன. இரண்டின் முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகத் தூள் பூத்திருந்தது. ஒன்றின் மூடியைத் திறந்தபோது தகடுகளின் விளிம்பு நீர்மட்டத்துக்கு மேலே தெரிந்தது. நீர் குறைந்தால் ஆசிட் ஊற்ற வேண்டும் என்று அந்த இளைஞருக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஆவியாகவும் குமிழியாகவும் வெளியேறுவது நீர்தான், அமிலம் அல்ல. எனவே டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும். இந்த ஆறு பேட்டரிகளிலும் சேர்த்து ஏறத்தாழ நூறு கிலோ ஈயம் இருக்கும். நன்றாகப் பராமரித்தாலும் நான்கைந்து ஆண்டுகளில் அவற்றை மாற்ற வேண்டும். சேலத்து வெயிலில் இன்னும் விரைவாக மாற்ற வேண்டியிருக்கும். வெப்பம் பத்துப் பாகை கூடினால் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும் என்பது இத்துறையினரின் கைக்கணக்கு. ஈயத்தை உருக்கி மீண்டும் பேட்டரியாக்க முடியும் என்பது பெரிய வசதி. ஆனால் அனுமதியில்லாமல் திறந்தவெளியில் உருக்கினால் அந்தத் தூசி மண்ணில் படிந்து, அங்கே விளையாடும் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், 2022-இன்படி பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெறுவது உற்பத்தியாளரின் பொறுப்பு; இருந்தும் கூடுதலாக நூறு ரூபாய் தருகிறவரிடம் பழைய பேட்டரியைக் கொடுத்துவிடுகிறோம். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி விலை கூடுதல்; ஆனால் ஈயம் இல்லை, எடை குறைவு, திரும்பும் மின்சாரத்தை நன்றாக வாங்கிக்கொள்ளும், பல ஆண்டுகள் கூடுதலாக உழைக்கும். மலைக்கு அதுவே பொருத்தம் என்பது என் கருத்து.

அழகப்பச் செட்டியார் தந்த நிலத்தில் எழுந்த காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் பேட்டரி ஆய்வில் பல்லாண்டு அனுபவம் உள்ளது. ஏற்காட்டுச் சரிவிலும் சேலத்து வெயிலிலும் ஒரே பேட்டரியை இரண்டு ஆண்டுகள் ஓட்டிப் பார்த்து அளப்பது போன்ற சிறிய, பகட்டில்லாத ஆய்வுகளுக்கு நம் பொறியியல் கல்லூரிகளுக்குச் சில லட்சங்கள் ஒதுக்கினால் போதும். குளிர்நாடுகளிலும் சமதளங்களிலும் அளந்த எண்களை வைத்துக்கொண்டு நம் மலைகளுக்கு வண்டி வாங்கிக்கொண்டிருப்பது எனக்கு வருத்தமளிக்கிறது.

ஆசிரியைக்கு எழுதிய பதிலில் மூன்றைச் சொன்னேன்: இறக்கத்தில் மின்சாரம் திரும்பும் மோட்டார் உள்ள வண்டியை வாங்கச் சொல்லுங்கள், பழைய பேட்டரியை எடுத்துக்கொண்டு ரசீது தருவதாக விற்பவரிடம் எழுதி வாங்குங்கள், கொட்டகையைக் கீழே கொண்டுபோங்கள். வாயிலருகே காவலர் அறைக்குப் பின்னால், சில்வர் ஓக் மரங்களின் நிழல் விழாத இடம் ஒன்று இருக்கிறது என்றும், நண்பகலில் அங்கே எவ்வளவு நேரம் வெயில் விழுகிறது என்று ஒரு வாரமாகக் குறித்துவருவதாகவும் அவர் மறுபடி எழுதியிருக்கிறார்.