வால்வைப் பார்க்கும் முன் இரும்பைப் பாருங்கள்

பழைய வால்வு ஆம்ப்ளிஃபையர் ஒன்று விலைக்கு வருகிறது என்றால், எல்லோரும் முதலில் குனிந்து பார்ப்பது பின்பக்கத்து வால்வுகளை, அதாவது சிக்னலைப் பெரிதாக்கும் கண்ணாடிக் குழல்களைத்தான். கண்ணாடிக்குள் ஆரஞ்சு நிறத்தில் கனன்றுகொண்டிருப்பது யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் பேஸ் கிடாருக்காக வாங்குகிறவர் பார்க்க வேண்டியது அதற்குப் பக்கத்தில், செங்கல் மாதிரி உட்கார்ந்திருக்கும் இரண்டு டிரான்ஸ்ஃபார்மர்களை. வால்வு கெட்டால் வேறு வாங்கி மாட்டிவிடலாம். ஸ்லோவாக்கியா, ரஷ்யா, சீனா என்று இன்றும் செய்கிறார்கள். பேஸைத் தாங்குமா தாங்காதா என்பது அந்த இரும்பைப் பொறுத்தது.

ஏன் என்று பார்ப்போம். சாதாரண கிடாரின் தடித்த கம்பி நொடிக்கு 82 முறை அதிர்கிறது. பேஸின் தடித்த இ கம்பி அதில் பாதி, 41. நம் வீட்டுக்கு வரும் கரன்டே 50 ஹெர்ட்ஸ்தான், அதாவது நொடிக்கு 50 முறை. ஆக, பேஸ் கம்பி கரன்டைவிட மெதுவாக ஆடுகிறது!

வால்வு ஒரு வினோதமான வேலைக்காரன். சூடான கேத்தோடிலிருந்து எலக்ட்ரான்கள் கிளம்பி, வெற்றிடத்தைத் தாண்டி பிளேட்டுக்குப் போகின்றன. நடுவில் இருக்கும் கிரிட்டின் மின்னழுத்தம் கொஞ்சம் ஏறி இறங்கினாலும் அந்த ஓட்டம் பெரிதாக ஏறி இறங்கும். கம்பியின் சின்ன சிக்னல் பெரிதாவது இப்படித்தான். ஆனால் இது 400, 500 வோல்ட்டில், மிகக் குறைந்த கரன்டில் நடக்கிற வேலை. ஸ்பீக்கருக்கு வேண்டியது நேர் எதிர்: குறைந்த வோல்ட், நிறைய கரன்ட். இரண்டு வால்வுகள் சேர்ந்து 4000 ஓம் சுமையை எதிர்பார்க்கின்றன, ஸ்பீக்கரோ 8 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இவற்றுக்கு நடுவே தரகு வேலை பார்ப்பதுதான் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர். ஒரு பக்கம் 22 சுற்று என்றால் மறுபக்கம் 1 சுற்று என்ற விகிதத்தில் இரும்பின்மேல் கம்பி சுற்றியிருப்பார்கள்.

சிக்கல் தொடங்குவது இங்கேதான். சுருளில் மின்னழுத்தம் ஒரே திசையில் எவ்வளவு நேரம் தள்ளுகிறதோ, இரும்பில் அவ்வளவு காந்தம் சேரும். 82 ஹெர்ட்ஸில் ஒரு திசைத் தள்ளல் 6 மில்லி நொடி. 41 ஹெர்ட்ஸில் 12 மில்லி நொடி. அதே சத்தத்துக்கு இரு மடங்கு காந்தம். இரும்பு ஓர் அளவுக்கு மேல் காந்தத்தை ஏற்காது. அந்த எல்லையைத் தொட்டதும் டிரான்ஸ்ஃபார்மர் வெறும் கம்பிச் சுருளாகிவிடும். வால்வில் கரன்ட் எகிறும், ஸ்பீக்கரில் வருவது ‘தும்’ என்ற அடி இல்லை, ‘தொப்’ என்ற சரிவு. இதைத் தவிர்க்க நடைமுறையில் ஒரே வழிதான்: நிறைய இரும்பு, நிறைய சுற்று. நல்ல பேஸ் ஆம்ப்ளிஃபையரின் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர், வீட்டுக் கரன்டை வாங்கிக்கொள்ளும் மற்ற டிரான்ஸ்ஃபார்மருக்கு (பவர் டிரான்ஸ்ஃபார்மர்) சமமான உருவத்தில் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

ஃபெண்டர் நிறுவனம் 1951-இல் பிரிசிஷன் பேஸை வெளியிட்டது. அதற்குத் துணையாக மறு ஆண்டு பேஸ்மேன் ஆம்ப்ளிஃபையர் வந்தது. 1950-களின் கடைசியில் நான்கு 10 அங்குல ஸ்பீக்கரோடு வந்த பேஸ்மேன்தான் இன்று எல்லோரும் தேடும் மாடல். வேடிக்கை என்னவென்றால், தேடுகிறவர்கள் பெரும்பாலும் கிடார்காரர்கள்! சுமார் 40 வாட், திறந்த முதுகுப் பெட்டி. தாழ்ந்த சுரத்தில் ஸ்பீக்கரின் முன்னால் தள்ளப்படும் காற்றைப் பின்னால் இழுபடும் காற்று சுற்றிவந்து அழித்துவிடும். பேஸுக்குப் போதாத அந்த மின்சுற்றுதான் கிடாருக்கு அமிர்தமாக அமைந்தது. 1960-களின் தொடக்கத்தில் லண்டனில் மார்ஷல் நிறுவனம் தன் முதல் மாடலான ஜேடிஎம்45-ஐ அதைப் பார்த்துத்தான் செய்தது. பெயரில் ‘பேஸ்’ இருக்கிறதே என்று ஏமாந்துவிடாதீர்கள்.

ஆம்பெக் என்ற இன்னொரு அமெரிக்க நிறுவனம் வேறு வழியில் போனது. 1960-இல் வந்த பி-15 முதலில் வெறும் 25 வாட்தான். ஆனால் மூடிய பெட்டி, ஒரே ஒரு 15 அங்குல ஸ்பீக்கர். டெட்ராயிட்டின் மோட்டவுன் இசை நிறுவனப் பாடல்களுக்கு பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனிடம் இருந்தது இது. 1969-இல் வந்த எஸ்விடி இதற்கு எதிர்முனை: 300 வாட், 14 வால்வு. ஸ்பீக்கர் பெட்டி இல்லாமல் தலைப் பகுதி மட்டுமே ஏறக்குறைய 38 கிலோ. அந்த எடையில் பெரும்பங்கு இரும்புதான். மாடிப்படி ஏற்றுகிறவர் என்ன சொல்வார் என்று இங்கே எழுத முடியாது.

அப்படியானால் சின்ன டிரான்ஸ்ஃபார்மர் இருந்தால் பேஸே வாசிக்க முடியாதா? முடியும். நம் காது அதற்கு உதவுகிறது. 41 ஹெர்ட்ஸ் சுரத்தோடு 82, 123 என்று அதன் மடங்குகளும் சேர்ந்தே ஒலிக்கின்றன. அவை கேட்டால் போதும், அடிச்சுரம் இல்லாவிட்டாலும் மூளை அதை இட்டு நிரப்பிக்கொள்ளும். உள்ளங்கை அளவு ஸ்பீக்கர் உள்ள டீக்கடை ரேடியோவில் இளையராஜாவின் பேஸ் ஓட்டத்தை நாம் பின்தொடர்ந்தது இப்படித்தான். வால்வை அதன் எல்லைக்குத் தள்ளும்போது அது கூடுதலாக மடங்குகளைச் சேர்க்கிறது. ‘வால்வு வாட் பெரிய வாட்’ என்று சொல்வார்கள். வாட் எல்லாம் ஒரே வாட்தான். எல்லை தாண்டும்போது வால்வின் ஒலி உடைகிற விதம் காதை உறுத்துவதில்லை, அதனால் உடையும் இடம் வரைக்கும் துணிந்து வாசிக்கிறோம்.

சரி, ஆம்ப்ளிஃபையர் இப்போது உங்கள் மேஜையில் இருக்கிறது. நேராக பிளக்கில் சொருகாதீர்கள். முதலில் மோந்து பாருங்கள். டிரான்ஸ்ஃபார்மரில் கருகிய வார்னிஷ் வாடை வந்தால் விலையைப் பாதியாகக் குறைத்துக் கேளுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். அடுத்தது பிளக். அந்தக் கால அமெரிக்க ஆம்ப்ளிஃபையர்கள் பலவற்றில் இரண்டே முள். எர்த் கிடையாது. கரன்ட் கம்பிக்கும் தகரச் சட்டத்துக்கும் நடுவில் ஒரு கெப்பாசிட்டர் (மின்னூட்டத்தைச் சேர்த்துவைக்கும் பாகம்) இருக்கும். அது ஷார்ட் ஆனால் சட்டம், கேபிள், பேஸ் கம்பி வழியாக உங்கள் விரல்வரை கரன்ட் வரும். மெக்கானிக்குகள் அதற்கு ‘சாவுக் கெப்பாசிட்டர்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். எர்த் கோளாறு விளையாட்டில்லை: 1972-இல் வேல்ஸின் ஸ்வான்சீ நகர மேடையில் கிடார் கலைஞர் லெஸ்லி ஹார்வி மைக்கைத் தொட்டதும் ஷாக் அடித்து இறந்தார். அந்தக் கெப்பாசிட்டரை எடுத்துவிட்டு மூன்று முள் பிளக் போடுங்கள். ‘அசல் பாகம் போய்விடுமே’ என்று புலம்புகிறவர்கள் அதைக் கண்ணாடி அலமாரியில் வைத்துக்கொள்ளட்டும்.

பிறகு ரேடியோ மெக்கானிக்குகளின் பழைய வித்தை: 60 அல்லது 100 வாட் குண்டு பல்பை சீரிஸில் போட்டு, வால்வுகளையெல்லாம் கழற்றிவிட்டு சுவிட்சைப் போடுவது. பல்பு ஏறக்குறைய அணைந்தே இருந்தால் பவர் டிரான்ஸ்ஃபார்மர் பிழைத்தது. முழு வெளிச்சத்தில் எரிந்தால் எங்கோ ஷார்ட். உள்ளே கைவைக்கும் முன் ஒன்று: அணைத்த பிறகும் ஃபில்டர் கெப்பாசிட்டர்களில் 400 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். அவற்றை இறக்கத் தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

வால்வை மாட்டி, ஸ்பீக்கரையும் இணைத்த பிறகு ‘ம்ம்ம்’ என்று ஒரு முனகல் கேட்கும். இதைக் கண்டுபிடிக்க மீட்டர் வேண்டாம், கையில் இருக்கும் பேஸே போதும். திறந்த ஜி கம்பியைத் தட்டுங்கள். அது 98 ஹெர்ட்ஸ். முனகல் அதோடு ஒட்டிப்போனால் அது 100 ஹெர்ட்ஸ், அதாவது ஏசியை டிசியாக்கும்போது மிஞ்சும் அலை. ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் காய்ந்துவிட்டன என்பதே பெரும்பாலும் பொருள். ஐம்பது வயதில் காயாமல் இருந்தால்தான் ஆச்சரியம். இ கம்பியின் மூன்றாம் ஃபிரெட்டோடு (49 ஹெர்ட்ஸ்) பொருந்தினால் அது வீட்டு ஏசி கரன்டின் 50. வால்வைச் சூடாக்கும் ஹீட்டரின் வயரிங்கையோ எர்த்தையோ பார்க்க வேண்டும்.

விளக்கை அணைத்து வால்வைக் கவனியுங்கள். நடுவில் ஆரஞ்சுக் கனல் சரி. கண்ணாடியின் உட்புறம் மெல்லிய நீல ஒளியும் பயப்பட வேண்டியதல்ல. ஆனால் சாம்பல் நிற பிளேட்டே சிவக்க ஆரம்பித்தால் உடனே அணைத்துவிடுங்கள். முந்தைய வால்விலிருந்து சிக்னலைக் கொண்டுவரும் கெப்பாசிட்டர் ஒழுகியோ, பயாஸ் (கிரிட்டுக்குத் தரும் நிலையான மின்னழுத்தம்) தவறியோ, வால்வு அளவுக்கு மீறி கரன்ட் குடிக்கிறது. கண்ணாடியில் வெள்ளி மாதிரி மினுங்கும் பூச்சு பால்வெள்ளையாக மாறியிருந்தால் காற்று புகுந்துவிட்டது. அந்த வால்வு குப்பைக்குத்தான்.

120 வோல்ட் அமெரிக்க மாடலை வோல்ட்டைக் குறைக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டும்போதும் பழைய இரும்புக் கணக்கு திரும்ப வரும். அது 60 ஹெர்ட்ஸுக்காகச் செய்தது. நம் 50 ஹெர்ட்ஸில் அதே இரும்பு 20 சதவீதம் கூடுதல் காந்தத்தைச் சுமக்கிறது. ஒரு மணி நேரம் ஓடவிட்டு, டிரான்ஸ்ஃபார்மர் எவ்வளவு சூடாகிறது என்று பாருங்கள்.

வாசிக்கும்போது பேஸ் குமிழை ஏற்றும் ஆசையை அடக்குங்கள். 6 டெசிபெல் ஏற்றினால் அங்கே நான்கு மடங்கு வாட் கேட்கும். 40 வாட் ஆம்ப்ளிஃபையரிடம் அது கிடையாது. மாறாக, அதே வாட்டில் 3 டெசிபெல் கூடுதல் சத்தம் தரும் ஸ்பீக்கர் போட்டால் வாட் இரட்டித்த பலன். ஓம் பொருத்தம் பார்த்து, தடித்த ஸ்பீக்கர் கேபிளில் இணைக்க வேண்டும். கிடார் கேபிள் உதவாது. ஸ்பீக்கர் இல்லாமல் வாசிக்கவே கூடாது. சுமை இல்லாதபோது டிரான்ஸ்ஃபார்மரில் எகிறும் மின்னழுத்தம் அதன் மின்காப்பையே துளைத்துவிடும்.

ஐந்து கம்பி பேஸ் வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் யோசிக்க வேண்டும். அந்தத் தடித்த பி கம்பி 31 ஹெர்ட்ஸ். இந்தப் பெட்டிகளுக்கு இரும்பு அளந்தவர்கள் காலத்தில் அப்படிப்பட்ட பேஸ் கடையில் கிடைக்கவில்லை. 35 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் ஒரு ஃபில்டர் பெடலை முன்னால் போட்டுக்கொள்ளுங்கள்.