"அந்த ஒயரை மட்டும் எடுத்துடுங்கண்ணே"

தர்மபுரியில் ஸ்டுடியோ நடத்துகிறேன், பத்திரிகைகளுக்கும் படம் அனுப்புகிறேன். கல்யாண ஆல்பத்தில் பொண்ணு தலைக்குப் பின்னால் தொங்கும் சீரியல் லைட் ஒயரை அழிப்பேன், முகத்துப் பருவையும் எடுப்பேன், அதற்குத்தான் காசு. செய்திப் படம் என்றால் அதே ஒயரில் கைவைக்க மாட்டேன். "ஒரு ஒயருக்கா இவ்வளவு பிடிவாதம்?" என்று கேட்கிற தம்பிகளுக்காக எழுதுகிறேன்.

நார்சிசோ கான்ட்ரேராஸ் என்பவர் சிரியா போரைப் படமெடுத்து, 2013-இல் புலிட்சர் என்னும் பத்திரிகைத் துறைப் பரிசு பெற்ற ஏபி (அசோசியேட்டட் பிரஸ்) செய்தி நிறுவனக் குழுவில் இருந்தவர். ஒரு போராளியின் படத்தில் மூலையில் கிடந்த சக ஊழியரின் வீடியோ கேமராவை அழித்துவிட்டு அந்த இடத்தில் தரையை நிரப்பினார். அவ்வளவுதான் செய்தார். போராளியும் துப்பாக்கியும் அப்படியே இருந்தன, செய்தி இம்மியும் மாறவில்லை. அவருடைய மற்ற படங்களையும் தோண்டிப் பார்த்து வேறெதிலும் கைவைக்கவில்லை என்று தெரிந்த பிறகும் 2014-இல் ஏபி அவரோடு உறவை முறித்துக்கொண்டது. கொடுமைதான், ஆனால் நியாயம். ஒன்றை அழித்தவர் இன்னொன்றை அழிக்கவில்லை என்று வாசகர் எதை வைத்து நம்புவார்?

நம் பக்கமும் நடந்ததுதான். 2015 சென்னை வெள்ளத்தைப் பிரதமர் விமானத்திலிருந்து பார்க்கும் படத்தில், ஜன்னலுக்கு வெளியே வேறொரு காட்சியை ஒட்டி மத்திய அரசின் செய்திப் பிரிவான பிஐபி வெளியிட்டது. கேலி கிளம்பியதும் நீக்கினார்கள். வெள்ளம் நிஜம், அவர் வந்ததும் நிஜம், அப்புறம் எதற்கு அந்த ஒட்டு?

சரி, எதைத்தான் செய்யலாம்? கிராப் செய்யலாம், இருட்டை லேசாகத் தூக்கலாம், கேமராவுக்குள் சென்சாரில் ஒட்டிய தூசியால் படத்தில் விழும் புள்ளியை எடுக்கலாம். ஆனால் அங்கேயும், நிறத்தில் கைவைத்தால் வம்பு உண்டு. ஒகேனக்கல்லில் புதுவெள்ளம் வரும்போது தண்ணீர் மண் கலந்து டீ நிறத்தில் இருக்கும், வெள்ளத்துக்கு அடையாளமே அந்த நிறம்தான், அதை நீலமாக்கினால் சுற்றுலா விளம்பரம் ஆகிவிடும்.

எடிட்டே செய்யாமலும் ஏமாற்றலாம். தேன்கனிக்கோட்டை பக்கம் கேழ்வரகுக் காட்டில் நிற்கும் யானையைத் தூரத்திலிருந்து பெரிய ஜூம் லென்ஸில் பிடித்தால், வெகுதூரம் பின்னால் இருக்கும் வீடுகள் அதன் முதுகில் ஒட்டியதுபோல் தெரியும். பார்க்கிற ஊர்க்காரர்கள் அலறுவார்கள். யானைக்கும் வீட்டுக்கும் எவ்வளவு தூரம் என்று கேப்ஷனில் எழுதிவிடுங்கள்.

இப்போது போனிலேயே விரலால் தடவினால் ஆள் மறைந்துவிடுகிறான். அதனால் எனக்குப் படம் அனுப்புகிறவர்கள் வாட்ஸ்அப்பில் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், போட்டோவாக அனுப்பினால் எடுத்த தேதி, நேரம் எல்லாம் உதிர்ந்துவிடும். ஒரிஜினலை போனிலிருந்து அழிக்காதீர்கள், பத்திரிகை டெஸ்க்கில் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.