பேண்ட்வித் கூடும், தாமதம் அப்படியே இருக்கும்

நெட்வொர்க் திட்டமிடும் வேலையில் இருப்பவர்களிடம் எல்லோரும் கேட்கும் கேள்வி, "இன்னும் ஐந்து வருஷத்துக்கு எவ்வளவு பேண்ட்வித் வாங்கி வைக்கலாம்?" என்பதுதான். பேண்ட்வித் என்றால், ஒரு லைனில் நொடிக்கு எவ்வளவு தகவல் போக முடியும் என்ற அளவு. ஆனால் காசை வீணாக்குவது பெரும்பாலும் இந்தக் கணக்கு இல்லை. எது வளரும், எது வளராது என்று பிரித்துப் பார்க்காமல் வாங்குவதால்தான் நஷ்டம்.

வளர்வதில் சந்தேகமே இல்லாதது பேண்ட்வித். கணினிகளைக் கேபிளால் இணைக்கும் ஈதர்நெட், 1983இல் நொடிக்கு 10 மெகாபிட்டில் தரநிலையாகி, 2017இல் 400 கிகாபிட்டைத் தொட்டுவிட்டது. நாற்பதாயிரம் மடங்கு! தாமதத்தின், அதாவது தகவல் போய்ச் சேர ஆகும் நேரத்தின், கதை வேறு. தகவலைச் சுமக்கும் கண்ணாடி இழையான ஃபைபருக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. 10,000 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் சர்வருக்குப் போய்த் திரும்ப 100 மில்லிசெகண்ட் ஆகத்தான் செய்யும். நடுவில் கண்ணாடிக்குப் பதில் காற்று உள்ள புதுவகை ஃபைபர் வந்தாலும், அதில் மூன்றில் ஒரு பங்கு குறையலாம், அவ்வளவுதான்.

இது நடைமுறையில் எப்படிக் கடிக்கும் என்று பாருங்கள். ஒரு நிறுவனத்தில் தொலைதூர டேட்டா சென்டருக்கு இரவு பேக்கப் போகிறது, விடிந்தும் முடியவில்லை. 100 மெகாபிட் லைனை 1 கிகாபிட்டாக மாற்றினார்கள். பேக்கப் ஒரு நிமிஷம்கூடச் சீக்கிரம் முடியவில்லை. காரணம், அந்த மென்பொருள் 64 கிலோபைட் அனுப்பிவிட்டு, 'வந்து சேர்ந்தது' என்ற பதில் வந்த பிறகுதான் அடுத்த 64 கிலோபைட்டை அனுப்பியது. 100 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை 64 கிலோபைட் என்றால் நொடிக்கு 5 மெகாபிட் சொச்சம். லைன் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அதற்கு மேல் ஏறாது. ஒரே நேரத்தில் பல இணைப்புகளில் அனுப்பும்படி செட்டிங்கை மாற்றியதும் பிரச்சினை தீர்ந்தது. அந்தச் செட்டிங்குக்குத் தனியாகக் காசு இல்லை. பெரிய லைனுக்கு மாதாமாதம் பில் வந்தது.

ப்ராசஸரிலும் இதே கதைதான். சிப்பில் உள்ள டிரான்சிஸ்டர்கள் ஆண்டுதோறும் இரட்டிப்பாகும் என்று 1965இல் கணித்த கார்டன் மூர், 1975இல் அதை இரண்டு ஆண்டு என்று திருத்தினார். அந்தக் கணிப்பு பல பத்தாண்டுகள் தாக்குப்பிடித்தது. ஆனால் கூடவே வந்துகொண்டிருந்த கிளாக் வேக (ப்ராசஸர் நொடிக்கு எத்தனை முறை துடிக்கிறது என்ற அளவு) உயர்வு, வெப்பம் தாங்காமல் 2005 வாக்கில் மந்தமாகிவிட்டது. அப்புறம் கோர்களின், அதாவது ஒரே சிப்புக்குள் தனித்தனியாக வேலை செய்யும் ப்ராசஸர்களின், எண்ணிக்கைதான் ஏறியது. ஒரே கோரில் ஓடும் பழைய பில்லிங் மென்பொருளுக்கு 64 கோர் சர்வர் வாங்கிக் கொடுத்தால் 63 கோர் சும்மாதான் இருக்கும்.

கணித்த பெரியவர்களும் சறுக்கியிருக்கிறார்கள். ஈதர்நெட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான பாப் மெட்கால்ஃப், 1996இல் இணையமே நிலைகுலைந்துவிடும் என்று 1995இல் எழுதினார். அடுத்த ஆண்டும் இணையம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. 1997இல் ஒரு மாநாட்டு மேடையில், எழுதிய அந்தக் கட்டுரையை மிக்ஸியில் அரைத்துச் சாப்பிட்டார். சொன்ன சொல்லுக்குப் பொறுப்பேற்ற அந்த மனிதர்மேல் எனக்குத் தனி மரியாதை. அதைவிடப் பெரிய சேதம் செய்தது, இணையப் போக்குவரத்து 100 நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறது என்று தொண்ணூறுகளின் இறுதியில் பரவிய பேச்சு. உண்மையில் ஏறக்குறைய ஆண்டுக்கு ஒருமுறைதான் இரட்டித்தது. அந்தப் பேச்சை நம்பிப் புதைத்த ஃபைபரில் பெரும்பகுதி வெளிச்சமே பார்க்காமல் கிடந்தது. பல தொலைத்தொடர்பு நிறுவனங்கள் திவாலாயின.

சரி, என்னதான் செய்யலாம்? உங்கள் ரவுட்டரின் கிராஃபில், உச்ச நேரப் பயன்பாடு கடந்த இரண்டு வருஷத்தில் எப்படி ஏறியிருக்கிறது என்று பாருங்கள். எந்த விற்பனையாளரின் வரைபடத்தையும்விட அது நம்பகமானது. லைன் சும்மா இருக்கும்போது ஒரு பிங் (ஒரு சின்னச் செய்தி போய்த் திரும்ப ஆகும் நேரத்தை அளக்கும் சோதனை), பெரிய ஃபைல் ஒன்று அப்லோடு ஆகும்போது ஒரு பிங் போட்டுப் பாருங்கள். 20 மில்லிசெகண்ட் 400 ஆகத் தாவினால், பெரும்பாலும் ரவுட்டருக்குள் பாக்கெட்டுகள் (தகவல் துண்டுகள்) வரிசை கட்டி நிற்கின்றன என்று அர்த்தம். வரிசையை ஒழுங்குபடுத்தும் வசதி இன்று பல ரவுட்டர்களில் இருக்கிறது; பெரிய லைன் கேட்பதற்கு முன் அதை இயக்கிப் பாருங்கள்.

சுவிட்ச், ரவுட்டரையெல்லாம் நாலைந்து வருஷத்துக்கு மேல் யோசித்து வாங்காதீர்கள். அதற்குள் அதே விலைக்கு நல்லது வந்துவிடும். தாராளமாகச் செலவழிக்க வேண்டிய இடம் சுவருக்குள்ளும் தரைக்கடியிலும் போகும் குழாய். சிங்கிள் மோடு ஃபைபரை (ஒளி ஒரே பாதையில் போகும் மெல்லிய மையம் கொண்ட வகை) போட்டு, குழாயில் இன்னொன்று இழுக்க இடமும் விட்டுவிட்டால், நாளைக்கு இரு முனையிலும் உள்ள சின்ன ஆப்டிக்கல் மாட்யூலை (மின் சிக்னலை ஒளியாக மாற்றும் கருவி) மாற்றினாலே போதும்.