மேகசின்: தமிழில் ரவைக்கூடு

மேகசின்: பெயர்ச்சொல். துப்பாக்கியில் தோட்டாக்களை வரிசையாகப் பிடித்துவைத்து, சுருள்வில்லின் (ஸ்பிரிங்) உந்தலால் ஒவ்வொன்றாகச் சுடும் இடத்துக்கு முன்னே நிறுத்தும் உறுப்பு. துப்பாக்கியோடு நிலையாகச் சேர்ந்திருப்பதும் உண்டு, கழற்றி மாட்டுவதும் உண்டு. தமிழில் ரவைக்கூடு.

இதே ஆங்கிலச் சொல்தான் வார இதழுக்கும் மாத இதழுக்கும் பெயர். படிக்கும் தாளுக்கும் தோட்டா அடைக்கும் கூட்டுக்கும் ஒரே பெயர் எப்படி வந்தது என்று தெரிந்துகொண்டால், தமிழில் எந்தச் சொல்லைப் போடுவது என்பதும் தெளிவாகும்.

வேர் அரபு மொழியில் இருக்கிறது. ‘கஸன’ என்றால் சேர்த்துவைத்தான். சேர்த்துவைக்கும் இடம் ‘மக்ஸன்’, அதன் பன்மை ‘மகாஸின்’. மத்தியதரைக் கடல் வணிகர்களோடு இந்தச் சொல் இத்தாலிக்குப் போய் ‘மகட்ஸீனோ’ ஆயிற்று. பிரெஞ்சில் ‘மகஸான்’ ஆகி, கிடங்கு என்பதிலிருந்து நகர்ந்து இன்று கடையைக் குறிக்கிறது. ஸ்பானிய மொழியோ அரபின் ‘அல்’ என்ற முன்னொட்டையும் சேர்த்தே வாங்கிக்கொண்டு ‘அல்மஸேன்’ என்கிறது. ஆங்கிலத்துக்கு இது 16ஆம் நூற்றாண்டில் வந்தது. அப்போது அதன் பொருள் கிடங்கு.

இந்த வேரின் இன்னொரு பிள்ளை நம்மிடமே வளர்கிறது. ‘கஸன’ என்ற அதே வினையிலிருந்து பிறந்து, பாரசீகம், உருது வழியாகத் தமிழுக்கு வந்ததுதான் கஜானா. மேகசினும் கஜானாவும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்பதை அறிந்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி கொஞ்சமல்ல.

கிடங்கிலிருந்து இதழுக்குப் போன கதை சுருக்கமானது. 17ஆம் நூற்றாண்டில், ஒரு துறையின் செய்திகளைத் திரட்டித் தரும் நூல்களுக்குக் ‘கிடங்கு’ என்று பெயர் வைக்கும் வழக்கம் ஆங்கிலத்தில் இருந்தது. 1731இல் லண்டனில் எட்வர்ட் கேவ் தொடங்கிய ‘ஜென்டில்மேன்ஸ் மேகசின்’ அந்தப் பெயரைப் பருவ இதழுக்கு உரியதாக்கிவிட்டது. நாம் அதை இதழ் என்றும் சஞ்சிகை என்றும் அழகாகத் தீர்த்துக்கொண்டோம்.

துப்பாக்கிக்குப் போன கதையில்தான் கவனம் வேண்டும். கோட்டைகளிலும் போர்க்கப்பல்களிலும் வெடிமருந்து சேர்த்துவைத்த அறை மேகசின் எனப்பட்டது. ஒவ்வொரு முறையும் கையால் மருந்து கெட்டித்துச் சுட்ட காலத்தில் துப்பாக்கிக்குள் அப்படி ஓர் இடம் தேவைப்படவில்லை. பல தோட்டாக்களைத் தன்னுள்ளேயே தாங்கி, அடுத்தடுத்துச் சுடும் துப்பாக்கிகள் வெற்றிபெற்ற பிறகே அந்தப் பெயர் துப்பாக்கியின் உறுப்புக்கு ஒட்டியது. அமெரிக்காவில் 1860இல் காப்புரிமை பெற்ற இரண்டு ரைஃபிள்கள் இதில் முக்கியமானவை. ஸ்பென்சர் ரைஃபிளில் ஏழு தோட்டாக்கள் தோள்கட்டைக்குள் ஒரு குழாயில் இருந்தன. ஹென்றி ரைஃபிளில் குழாய், சுடுகுழலுக்கு அடியில் நீளவாட்டில் ஓடியது. கழற்றி மாட்டும் பெட்டி வடிவ மேகசினுக்கு ஜேம்ஸ் பாரிஸ் லீ 1879இல் காப்புரிமை பெற்றார்.

ஸ்பென்சர், ஹென்றி இரண்டுமே ரிம்ஃபயர் தோட்டாவால் இயங்கியவை. அதனால் அந்தச் சொல்லையும் இங்கே பிரித்துப் பார்த்துவிடலாம். ரிம் என்பது விளிம்பு. தோட்டாவின் பின்முனையில் உலோகம் மடிந்து புடைத்திருக்கும் வளையம் அது. தீப்பற்றவைக்கும் மருந்து அந்த மடிப்புக்குள் சுற்றிலும் பரவியிருக்கும். துப்பாக்கியின் ஊசி அடிப்பக்கத்தின் நடுவில் குத்தாமல் விளிம்பில் குத்தும், மடிப்பு நசுங்கும், மருந்து பற்றும். ஆகவே ‘விளிம்படி’, ‘விளிம்படித் தோட்டா’ என்பது என் பரிந்துரை. ‘விளிம்புத் தீ’ என்று சொல்லுக்குச் சொல் போடுவதில் செயல் தெரியாது, குழப்பம்தான் மிஞ்சும். விளிம்பு நசுங்க வேண்டுமென்றால் அதன் தகடு மெல்லியதாக இருக்க வேண்டும், மெல்லிய தகடு பெரிய அழுத்தத்தைத் தாங்காது. பெரிய தோட்டாக்கள், ஊசி நடுவில் குத்தும் ‘நடுவடி’ முறைக்கு மாறியதும், விளிம்படி சிறிய அளவுகளில் நிலைத்ததும் அதனால்தான். இன்று உலகெங்கும் புழங்கும் .22 லாங் ரைஃபிள் தோட்டா (.22 என்பது அங்குலக் கணக்கில் விட்டம்) 1887இல் பிறந்தது. வழக்கமாக அதன் குண்டு 40 கிரெய்ன், அதாவது ஏறத்தாழ 2.6 கிராம் எடை கொண்டது.

குண்டு, தோட்டா, ரவை மூன்றையும் செய்தித்தாள்கள் ஒன்றாக்கிவிடுகின்றன. ரவைக்குப் பின்னால் வருகிறேன். உலோகக் கூடு, மருந்து, முனையில் ஈயம் எல்லாம் சேர்ந்தது தோட்டா. குழலைவிட்டுப் பறந்து செல்லும் ஈயம் மட்டுமே குண்டு. மேகசினில் அடைப்பது தோட்டாவை. ‘25 குண்டுகள் கொண்ட மேகசின்’ என்று எழுதுவது தவறு.

இனி, மேகசின் என்ற சொல் மிகுதியாக அடிபடும் ஓரிடத்துக்கு வருவோம். அமெரிக்காவின் ரூகர் நிறுவனம் 1964இல் வெளியிட்ட 10/22 என்ற ரைஃபிள், தன் மேகசினைப் பெயரிலேயே சுமக்கிறது: பத்துத் தோட்டா, .22 அளவு. இது செமி ஆட்டோமேட்டிக் வகை. ஒருமுறை விசையை (டிரிக்கர்) இழுத்தால் ஒரு தோட்டா வெடிக்கும், வெற்றுக்கூட்டை வெளியே தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றும் வேலையைத் துப்பாக்கியே செய்துகொள்ளும். அடுத்த வெடிக்கு விசையை மறுபடி இழுத்தாக வேண்டும். பகுதித் தானியங்கி என்பது இதற்குப் பொருந்துகிறது. அரைத் தானியங்கி என்றால் ஏதோ குறைபாடுள்ள இயந்திரம் போல ஒலிக்கிறது.

10/22இன் மேகசின் சுழல்வகை. விளிம்படித் தோட்டாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், மேலே இருப்பதன் விளிம்பு கீழே இருப்பதன் விளிம்புக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு முன்னே நகர மறுக்கும். சுழல்வகையில் ஒவ்வொரு தோட்டாவும் உருளையின் தனிப் பள்ளத்தில் கிடப்பதால் இந்தச் சிக்கலே எழாது. மேகசின் தோள்கட்டைக்கு வெளியே துருத்தாமல் அடங்கியும் விடுகிறது. 25 தோட்டாக் கூடுகள் வாழைக்காய் போல வளைந்திருப்பதற்கும் விளிம்புதான் காரணம்: உடலைவிட விளிம்பு அகலம் என்பதால், அடுக்கிக்கொண்டே போனால் அடுக்கு தானாகவே வளையும்.

இந்த ரைஃபிளைத் தம் விருப்பப்படி மாற்றிக்கொள்வது அமெரிக்காவில் பெரிய பொழுதுபோக்கு. இரண்டு குறுக்கு ஊசிகளைத் தள்ளினால் விசைத் தொகுதி முழுதும் கையோடு வந்துவிடும். சுடுகுழலை இரண்டு திருகாணிகளே பிடித்திருக்கின்றன. அமைப்பு இவ்வளவு எளிது என்பதால்தான் தோள்கட்டை, குழல், விசை, மேகசின் எல்லாவற்றுக்கும் வோல்குவார்ட்சென், கிட் போன்ற வேறு நிறுவனங்களின் தயாரிப்புகள் சந்தையில் குவிந்தன. இவற்றை ஆஃப்டர்மார்க்கெட் என்கிறார்கள். தமிழில் ‘உதிரிப்பாகம்’ என்று எழுதினால் பொருள் மாறிவிடும். பழுதானதற்கு மாற்றாக வருவது உதிரிப்பாகம், அதை மூல நிறுவனமே தரலாம். ஆஃப்டர்மார்க்கெட் என்றால் மூல நிறுவனம் அல்லாத பிறர் செய்தது. ‘பிறர் தயாரிப்பு’ என்றாலே போதும். ரூகரே செய்து விற்கும் பிஎக்ஸ்-25 என்ற 25 தோட்டாக் கூட்டைத் துப்பாக்கி வாங்கிப் பல ஆண்டு கழித்து வாங்கினாலும் அது பிறர் தயாரிப்பு ஆகாது. பட்லர் கிரீக் நிறுவனத்தின் ‘ஸ்டீல் லிப்ஸ்’ கூடு பிறர் தயாரிப்பு.

அந்தப் பெயரிலுள்ள ‘லிப்ஸ்’, மேகசினின் வாய்ப்பகுதியில் தோட்டாவை இருபுறமும் பிடித்து, சரியான கோணத்தில் விடும் இரண்டு மடிப்புகள். உதடு என்றே தமிழிலும் சொல்லலாம். உதடு சற்றே விரிந்தாலும் தேய்ந்தாலும் தோட்டா கோணலாக ஏறி மாட்டிக்கொள்ளும். பிளாஸ்டிக் உதட்டைவிட எஃகு உதட்டுக்கு மதிப்பு அதிகம் என்பது அதனால்தான். ஒரு துப்பாக்கி ஒழுங்காக ஏற்றவில்லை என்றால், விலையுயர்ந்த விசையையோ குழலையோ ஐயுறுவதற்கு முன் கூட்டின் உதட்டையும் சுருள்வில்லையும் பார்ப்பது முறை.

சட்டத்திலும் இந்தச் சொல்லின் எல்லை கணக்கில் வருகிறது. 1994 முதல் 2004 வரை நடப்பிலிருந்த அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம், பத்துத் தோட்டாவுக்கு மேல் கொள்ளும் மேகசின், பெல்ட் (தோட்டா கோத்த பட்டை), டிரம் (வட்ட வடிவக் கூடு) முதலியவற்றைத் ‘தோட்டா ஊட்டும் சாதனம்’ என்ற ஒரே பெயருக்குள் அடக்கிக் கட்டுப்படுத்தியது. .22 விளிம்படித் தோட்டாவுக்கு மட்டுமே உரிய, துப்பாக்கியோடு இணைந்த குழாய்வகைக்கு விலக்கு அளித்தது. இன்றும் கலிஃபோர்னியாவில் பத்து என்ற வரம்பும் .22 குழாய்க்கு விலக்கும் உண்டு. ஒரு மாநிலத்தில் கடையில் தொங்கும் கூடு இன்னொரு மாநிலத்தில் சட்டவிரோதம்.

சட்டம் பிடித்துக்கொண்ட ‘ஊட்டும்’ என்ற செயல்தான் தமிழ்ச்சொல்லைத் தேர்வதற்கும் அளவுகோல். வெடிமருந்துக் கிடங்கு என்ற அகராதிப் பொருளை இங்கே ஒட்டவைத்தால், கைக்கு அடங்கும் உறுப்பு ஒரு கட்டடமாகிவிடும். தோட்டாப்பெட்டி என்றால் கடையில் தோட்டா விற்கும் அட்டைப்பெட்டிதான் நினைவுக்கு வரும். அது எதையும் ஊட்டுவதில்லை. ஈழத்தமிழில் நன்கு நிலைபெற்ற சொல் ரவைக்கூடு. ரவை என்பது அங்கே ஒருமுறை சுடுவதற்கான தோட்டா. கூடு என்பது ஒன்றை அளவாகப் பொதிந்துவைக்கும் உறை. நெல் சேர்த்துவைப்பதையும் நெற்கூடு என்கிறோம். அரபுச் சொல்லின் சேமிப்புப் பொருளும் துப்பாக்கி உறுப்பின் பொருந்திய வடிவமும் இந்த ஒரு சொல்லில் சேர்கின்றன. ரவை என்றால் சிறு ஈய மணிகள் என்று பழகியவர்கள் தோட்டாக்கூடு என்று எழுதட்டும், பிழையில்லை. புழக்கத்தில் ஏற்கெனவே தேறிய சொல் என்பதால் என் வாக்கு ரவைக்கூட்டுக்கே. சுழல் ரவைக்கூடு, குழாய் ரவைக்கூடு, பெட்டி ரவைக்கூடு என்று அது இயல்பாகப் பிரிந்தும் கொடுக்கிறது.

கிளிப் என்பது இது அல்ல. கிளிப்பில் வில் கிடையாது, உதடும் கிடையாது. சில தோட்டாக்களை அடிப்பக்கத்தில் கவ்விப் பிடித்து, ரவைக்கூட்டுக்குள் ஒரே தள்ளில் நிரப்ப உதவும் தகடு அது. அதைக் கவ்வி என்று தனியே வழங்க வேண்டும். கவ்வி கூட்டை நிரப்பும், கூடு துப்பாக்கிக்கு ஊட்டும்.