ஆயிரம் கிலோமீட்டர் உயரத்தில் எது பலூன், எது குண்டு?

"அயர்ன் டோம் இருந்தும் இஸ்ரேலில் ஏவுகணைகள் எப்படி விழுந்தன?" 2024 அக்டோபர் 1 அன்று ஈரான் சுமார் 180 பாலிஸ்டிக் ஏவுகணைகளை ஏவியதிலிருந்து வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கேள்வியிலேயே ஒரு சின்னக் கோளாறு. அயர்ன் டோம் என்பது 4 முதல் 70 கி.மீ. தொலைவிலிருந்து வரும் ராக்கெட்டுகளையும் பீரங்கிக் குண்டுகளையும் தடுப்பதற்காகச் செய்தது. ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வருவதைத் தடுக்க ஏரோ-2, ஏரோ-3 என்று வேறு அமைப்புகள் இருக்கின்றன. தொலைக்காட்சிக்காரர்கள் எல்லாவற்றுக்கும் ஒரே பெயரைச் சூட்டிவிட்டார்கள். பெயரைத் திருத்திக்கொண்டாலும் கேள்வி அப்படியேதான் நிற்கிறது: ஏன் எல்லாவற்றையும் தடுக்க முடியவில்லை?

பாலிஸ்டிக் ஏவுகணையின் பயணம் பள்ளியில் படித்த எறிபொருள் இயக்கம்தான். எஞ்சின் சில நிமிடங்களே எரியும். அது அணைந்த பிறகு ஈர்ப்பு விசை இழுக்கும் வழியில் போய் விழ வேண்டியதுதான். 300 கி.மீ. போக நொடிக்கு ஏறக்குறைய ஒன்றரை கி.மீ. வேகம் வேண்டும், 1,000 கி.மீ. போக 3 கி.மீ.; கண்டம் விட்டுக் கண்டம் பாய்ந்து 10,000 கி.மீ. போக 7 கி.மீ. இந்தக் கடைசி வகை ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் உயரம் போய், அரை மணி நேரத்தில் இலக்கில் இறங்கிவிடும். 1944 செப்டம்பரில் லண்டன் மீது ஜெர்மனியின் வி-2 பாலிஸ்டிக் ஏவுகணை விழத் தொடங்கியபோது, பறக்கும் வி-2-ஐத் தடுக்கப் பிரிட்டனிடம் எந்த வழியும் இருக்கவில்லை.

கிளம்பும்போதே அடித்துவிட்டால் என்ன? யோசனை நல்லதுதான். நெருப்பைக் கக்கிக்கொண்டு, இன்னும் பிரியாமல் ஒரே துண்டாக, மெதுவாக மேலேறும் நேரம் அது. ஆனால் அந்த நேரம் மூன்று முதல் ஐந்து நிமிடம்தான். அதற்குள் எட்டிப்பிடிக்க, இடைமறிக்கும் ஏவுகணை சில நூறு கிலோமீட்டருக்குள் காத்திருக்க வேண்டும். பெரிய நாடு என்றால் ஏவுதளம் எல்லையிலிருந்து அதைவிட உள்ளே இருக்கும். விண்வெளியில் நிறுத்தலாமே என்றால், தாழ்வான சுற்றுப்பாதையில் எதுவும் நிற்காது. நொடிக்கு ஏழரை கி.மீ. வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். சரியான நேரத்தில் சரியான இடத்துக்கு மேல் ஒன்றாவது இருக்க வேண்டுமானால் ஆயிரமோ அதற்கு மேலோ சுற்ற விட வேண்டும் என்று அமெரிக்க இயற்பியல் கழகத்தின் ஆய்வுக் குழு 2003-லேயே கணக்குப் போட்டுச் சொன்னது. 2025-ல் அமெரிக்கா அறிவித்த 'கோல்டன் டோம்' ஏவுகணைத் தடுப்புத் திட்டத்துக்கும் இதே கணக்குதான்.

ஆகவே நடுவழியில், விண்வெளியில் அடிப்பதையே பெரிதும் நம்பியிருக்கிறார்கள். அங்கே வெடிமருந்தே தேவையில்லை, மோதினால் போதும். இரண்டும் எதிரெதிரே வரும்போது நெருங்கும் வேகம் நொடிக்கு 10 கி.மீ. என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு கிலோ எடையும் 5 கோடி ஜூல் ஆற்றலைச் சுமக்கிறது. 12 கிலோ டிஎன்டி வெடிப்பதற்குச் சமம். இப்படி மோதுவதற்கென்றே செய்த அமெரிக்காவின் மோதுகலம் 60 கிலோ சொச்சம்; அதற்குள் எதற்கு வெடிகுண்டு? பக்கத்தில் போய் வெடித்துச் சிதறுவதும் இந்த வேகத்தில் உதவாது. 2 மீட்டர் நீள வெடிமுனை (ஏவுகணையின் குண்டு இருக்கும் தலைப்பகுதி) ஐயாயிரத்தில் ஒரு பங்கு நொடியில் கடந்துவிடும். நொடிக்கு 2 கி.மீ. வேகத்தில் சிதறும் துணுக்கு அதற்குள் 40 சென்டிமீட்டர்தான் போயிருக்கும்.

இப்படி மோதுவது முடியாத காரியம் என்று ஒரு காலத்தில் சொன்னார்கள். அதனால்தான் 1970-களின் ஸ்பார்ட்டன், ஸ்பிரிண்ட் என்ற அமெரிக்க இடைமறிப்பான்கள் அணுகுண்டையே சுமந்தன. இன்று மோதிக் காட்டிவிட்டார்கள். மிச்சமிருக்கும் சிக்கல் வேறு: எதிரி வெடிமுனையோடு சேர்த்துப் போலி பலூன்களையும் விண்வெளியில் விட்டால், எதன் மீது மோதுவது?

எனக்கு மிகவும் பிடித்த இயற்பியல் இங்கேதான் இருக்கிறது. 1971-ல் அப்போலோ-15 வீரர் டேவிட் ஸ்காட் நிலவில் சுத்தியலையும் இறகையும் ஒன்றாகக் கீழே விட்டார். இரண்டும் ஒன்றாகவே விழுந்தன. காற்றில்லாத இடத்தில் எடைக்கு மதிப்பில்லை. அரை டன் வெடிமுனையும், அதே வேகத்தில் விடப்பட்ட ஒரு கிலோ பலூனும், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பக்கத்தில் பக்கத்தில் ஒரே பாதையில் போகும். பாதையைப் பார்த்துப் பிரிக்க முடியாது. ரேடார் பிரிக்குமா? பிளாஸ்டிக் தாளின் மேல் பூசிய மெல்லிய அலுமினியம் ரேடியோ அலையைத் திருப்பி அனுப்பிவிடும். 1960-ல் பறந்த எக்கோ-1 அப்படிப்பட்ட 30 மீட்டர் பலூன்தான். அதில் ரேடியோ அலைகளைப் பட்டுத் தெறிக்கவிட்டு அமெரிக்காவின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் பேசினார்கள். வெடிமுனையையே இப்படி ஒரு பலூனுக்குள் வைத்துவிட்டால் ரேடாருக்குத் தெரிவதெல்லாம் பலூன்கள் மட்டுமே.

மோதுகலத்தின் அகச்சிவப்புக் கேமராவாவது கண்டுபிடிக்குமா? 20 செ.மீ. விட்டமுள்ள ஆடி, 10 மைக்ரான் அலைநீளம் என்று கொள்வோம். ஒளி விளிம்பில் வளைவதால் 60 மைக்ரோரேடியனைவிடச் சிறிய கோணத்தை அந்த ஆடியால் பிரித்துக் காட்ட முடியாது (மைக்ரோரேடியன் என்பது ஒரு கி.மீ. தொலைவில் ஒரு மில்லிமீட்டர் தெரியும் கோணம்). 2 மீட்டர் பொருள் இத்தனை கோணத்தில் தெரிய அது 33 கி.மீ. அருகில் வந்திருக்க வேண்டும். அதுவரை எல்லாமே வெறும் புள்ளிகள். 33 கி.மீ. என்றால் மோதலுக்கு மூன்றே நொடி. தப்பான புள்ளியை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும் கலம், பக்கவாட்டு உந்திகளால் புவியீர்ப்பைப் போல மூன்று மடங்கு முடுக்கம் பெற்றாலும் அந்த மூன்று நொடியில் 135 மீட்டர்தான் விலகும். உண்மையான வெடிமுனை அரை கிலோமீட்டர் தள்ளிப் போனால் கையசைத்து வழியனுப்ப வேண்டியதுதான்.

ஆக, புள்ளியாக இருக்கும்போதே முடிவெடுத்தாக வேண்டும். ஒரு புள்ளி தரும் தகவல் அதன் பிரகாசம், அதன் நிறம், அது மினுக்கும் விதம் ஆகிய மூன்றும்தான். இரண்டு மூன்று அகச்சிவப்பு அலைநீளங்களில் அளந்தால் வெப்பநிலை கிடைக்கும். வெப்பநிலை உண்மையைச் சொல்லிவிடும் என்று தோன்றும். சொல்லாது. வெற்றிடத்தில் வெயிலில் மிதக்கும் பந்து எவ்வளவு சூடாகும் என்பதைத் தீர்மானிப்பது, அதன் மேற்பரப்பு சூரிய ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது, வெப்பத்தை எவ்வளவு உமிழ்கிறது என்ற இரண்டின் விகிதம். பருமனோ எடையோ இந்தக் கணக்கில் வராது. இரண்டும் சமமானால் ஏறக்குறைய 6 டிகிரி செல்சியஸ். வெள்ளைப் பெயின்ட் வெயிலைக் குறைவாக உறிஞ்சி வெப்பத்தைத் தாராளமாக உமிழும்; அந்தப் பந்து பூஜ்யத்துக்குக் கீழே பல பத்து டிகிரி போய்விடும். பளபளக்கும் தங்கப் பூச்சு உமிழ்வதில் மகா கஞ்சன். அது 100 டிகிரியைத் தாண்டும். எல்லாம் மேல்பூச்சின் விளையாட்டு! ஒவ்வொரு பலூனும் ஒவ்வொரு வெப்பநிலையில் இருக்க, 'இதுதான் வெடிமுனையின் வெப்பநிலை' என்று சொல்வதற்கு எதுவுமே இல்லாமல் போகிறது.

ஒரு துப்பு இருக்கிறது. பூமியின் நிழலுக்குள் நுழைந்ததும் மெல்லிய பலூன் சடுதியில் குளிரும். கனத்த வெடிமுனை சூட்டை விடாது. ஆனால் பாதை நிழலுக்குள் போனால்தான் இது பயன்படும். பலூனுக்குள் சிறு வெப்பமூட்டி வைத்தால் இந்தத் துப்பும் குழம்பிவிடும். போலிகளும் தவறாமல் வேலை செய்வதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2000 ஜூலையில் அமெரிக்கா நடத்திய சோதனையில் மோதுகலம் தன்னைத் தூக்கிச் சென்ற பூஸ்டர் ராக்கெட்டை விட்டுப் பிரியவே இல்லை. அதே சோதனையில் போலி பலூனும் சரியாக ஊதவில்லை. அதற்கு ஆறு மாதம் முன்பு நடந்த சோதனையில், அகச்சிவப்பு உணரியைக் குளிர்விக்கும் கிரிப்டான் வாயுக் குழாய் அடைத்துக்கொண்டதால் கலம் குருடாகி இலக்கைத் தவறவிட்டது.

பலூன்களின் ஆட்டம் காற்றுமண்டலத்தில் முடிகிறது. 100 கி.மீ. உயரத்துக்குக் கீழே வரவர மெல்லிய காற்றே லேசானவற்றை நிறுத்திவிடும். கனமான வெடிமுனை மட்டும் முன்னே போகும். இலவசமான சல்லடை. ஆனால் 7 கி.மீ. வேகத்தில் சாய்வாக இறங்கும் வெடிமுனைக்கு 100 கி.மீ. உயரத்திலிருந்து தரைக்கு வர 35 நொடி சொச்சம்தான். பலூன்கள் விலகும்வரை காத்திருந்தால் இருபது முப்பது நொடி மிஞ்சும். அதற்குள் இடைமறிப்பான் கிளம்பிச் சேர வேண்டும் என்பதால் அமெரிக்காவின் பேட்ரியாட் பிஏசி-3 போன்ற இடைமறிப்பான்கள் சில பத்து கி.மீ. வட்டத்தைத்தான் காக்கும். பிஏசி-3-ன் மூக்கருகே 180 குட்டி ராக்கெட்டுகள் இருக்கின்றன. கடைசி நொடிகளில் இறக்கைகள் திருப்புவது போதாது என்பதால், தேவையான பக்கத்தில் இருப்பவை வெடித்து மூக்கைத் தள்ளும்.

இந்த நெருக்கடியில் சின்னப் பிழையும் கொல்லும். 1991 பிப்ரவரி 25 அன்று தஹ்ரானில் ஈராக் ஏவிய ஒரு ஸ்கட் ஏவுகணை விழுந்து 28 அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள். (இது சவூதி அரேபியாவின் தஹ்ரான், ஈரான் தலைநகர் இல்லை.) அங்கிருந்த பேட்ரியாட் கணினி நேரத்தைப் பத்தில் ஒரு நொடியாக எண்ணியது. பத்தில் ஒன்று என்பது இரும எண்ணில் முடிவில்லாத பின்னம். 24 பிட்டில் வெட்டினால் ஒரு துளி குறையும். 100 மணி நேரம் அணைக்காமல் ஓடியதில் அந்தத் துளிகள் சேர்ந்து 0.34 நொடி ஆகிவிட்டன. அதற்குள் ஸ்கட் அரை கிலோமீட்டருக்கு மேல் போயிருக்கும். ரேடார் தப்பான இடத்தில் தேடியது. ஒன்றும் தெரியாததால் சும்மா இருந்துவிட்டது. 'மிக நீண்ட நேரம்' ஓடவிட்டால் பிழை வரலாம் என்று நான்கு நாள் முன்பே சுற்றறிக்கை போயிருந்தது. எத்தனை மணி நேரம் என்று அதில் இல்லை. திருத்திய மென்பொருள் மறுநாள் வந்து சேர்ந்தது.

இனி எண்ணிக்கை. அமெரிக்கா தன் மண்ணைக் காக்க அலாஸ்காவிலும் கலிபோர்னியாவிலுமாக 44 இடைமறிப்பான்களை வைத்திருக்கிறது. 1999-லிருந்து நடந்த சோதனைகளில் அவை இலக்கைத் தாக்கியது பாதியைச் சற்றே தாண்டும். ஒன்றின் வெற்றி வாய்ப்பு 55% என்று கொண்டால், ஒரு ஏவுகணைக்கு நான்கு வீதம் விட்டால் 96% கிடைக்கும். கேட்க நன்றாக இருக்கிறது. பத்து ஏவுகணைகள் வந்தால், பத்தையும் தடுக்கும் வாய்ப்பு 66% மட்டுமே; நாற்பது இடைமறிப்பான்களும் தீர்ந்திருக்கும். இதுவும் நான்கு முயற்சிகளும் ஒன்றையொன்று சாராதவை என்ற அனுமானத்தில் போட்ட கணக்கு. முதல் கலம் பலூனைக் குண்டென்று நம்பினால், அதே மென்பொருளும் அதே உணரியும் கொண்ட மற்ற மூன்றும் அதையேதான் நம்பும். நான்கும் சேர்ந்து ஒரு பலூனை உடைக்கும்.

'நூறு சதவீதப் பாதுகாப்பு' என்று அரசியல்வாதிகள் விற்பது படித்தவர்கள் கட்டிக்கொள்ளும் தாயத்து என்பது என் கருத்து. பணம் இருந்தால் ஐம்பதாவது இடைமறிப்பானை வாங்குவதைவிட, போலிகளின் வடிவமும் எண்ணிக்கையும் தற்காப்புக் குழுவுக்கு முன்கூட்டித் தெரியாத சோதனைகளுக்கும், ஏவுகணை போலிகளை வெளியே விடும் அந்தக் கணத்தையே விண்வெளியிலிருந்து படம்பிடிக்கும் உணரிகளுக்கும் கொடுக்கலாம். பலூன் ஊதும்போதே பார்த்துவிட்டால், பிறகு அது எந்த வெப்பநிலையில் மிதந்தாலும் எது எது என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம்.